பால் வரும், நாம் தயாரா?

போன வைகாசியில் என் அக்கா மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "சித்தி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போக வேண்டிய சாமானெல்லாம் லிஸ்ட் போட்டிருக்கேன். சரியா இருக்கான்னு பாருங்க" என்று செல்போனை நீட்டினாள். துண்டு எத்தனை, குல்லா எத்தனை, கொசுவலை என்ன நிறம் என்று முப்பது சாமானுக்கு மேல் இருந்தது. பாலைப் பற்றி மட்டும் இரண்டே வரி. 'ஃபீடிங் பாட்டில் 2. பால் பவுடர் டின் 1.'

"இது எதுக்குடி?" என்றேன்.

"ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னுதான்..."

"சரி, தாய்ப்பால் கொடுக்கறதுக்கு என்ன தயார் பண்ணியிருக்கே?"

சிரித்துவிட்டாள். "அதுக்கு என்ன சித்தி தயார் பண்றது? குழந்தை பிறந்தா பால் தானா வரப்போகுது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வயதில் நானும் இதையேதான் சொன்னேன், சகோதரிகளே. பால் தானாகத்தான் வருகிறது. ஆனால் வருகிற பாலைத் தடுத்து நிறுத்த எத்தனை கைகள் ஒன்று சேர்கின்றன என்பது பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் தலைச்சன் பிரசவம்

மூத்தவன் 2001-ல் பிறந்தான். ஒன்பதாம் மாதத்தில் அடுத்த வீட்டுப் பாட்டி, "காம்பு மரத்துப் போகணும்டி, இல்லேன்னா குழந்தை சப்பறப்போ தாங்க மாட்டே. தினம் சொரசொரப்பான துண்டால தேய்" என்றார். தேய்த்தேன். தோல் உரிந்து எரிச்சல் கண்டதுதான் மிச்சம். தாய்ப்பாலுக்கென்று நான் செய்துகொண்ட ஒரே தயாரிப்பு அதுதான்.

பிரசவமானதும் குழந்தையைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் என்னிடம் கொடுத்தார்கள். மார்பில் மஞ்சளாக, பிசுபிசுவென்று சொட்டியதைப் பார்த்த பெரியவர்கள், "இது கெட்ட பால், குழந்தைக்கு ஆகாது. பீய்ச்சிக் கொட்டிடு" என்றார்கள். ஒரு கிண்ணத்தில் பீய்ச்சினேன். அதை வாஷ்பேசினில் கொட்டியது நான்தான். என் கை செய்த காரியம் அது. இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

இரண்டாம் நாள் குழந்தை விடாமல் அழுதது. "பால் இல்லை" என்று தீர்ப்பாகிவிட்டது. பவுடர் வந்தது, பாட்டில் வந்தது. மூன்றாம் நாள் மார்பு இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டு குளிர் ஜுரம் வேறு. பாட்டிலுக்குப் பழகிய குழந்தை மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாற்பத்தைந்து நாளில் எல்லாம் வற்றிவிட்டது. 'பால் இல்லாத உடம்பு' என்று எனக்குப் பெயரும் வந்தது.

அதே உடம்புதான் 2005-ல் என் மகளுக்கு இரண்டு வயது வரை பால் கொடுத்தது! நடுவில் மாறியது ஒன்றே ஒன்று. அந்த முறை ஏழாம் மாதத்தில் அரசு ஆஸ்பத்திரியில் செக்கப்புக்குப் போனபோது, வயதான ஒரு நர்ஸம்மா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பேச்சைத்தான் அக்கா மகளுக்குச் சொன்னேன். பிறகு நானே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்கும் சொல்கிறேன்.

மார்பு தானே தயாராகிறது

கர்ப்பத்தின் நாலு, ஐந்தாம் மாதத்திலிருந்தே சீம்பால் உண்டாக ஆரம்பித்துவிடுகிறது. மார்பு கனக்கும், காம்பைச் சுற்றியுள்ள வட்டம் கறுக்கும், அதில் சின்னச் சின்னப் புள்ளிகள் புடைக்கும். அவை எண்ணெய் கசியும் சுரப்பிகள். காம்பை வறளாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அதனால் அந்த இடத்தில் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. வெறும் தண்ணீர் போதும்.

துண்டால் தேய்ப்பது, காம்பைப் பிடித்து இழுப்பது எல்லாம் வேண்டாம். அதனால் பலனும் இல்லை. காம்பை அதிகமாகத் தூண்டினால் கர்ப்பப்பை சுருங்கி வலி கிளம்பலாம். குறைமாதப் பிரசவம் ஆகிவிடுமோ என்று டாக்டர் எச்சரித்திருப்பவர்கள் இதில் ரொம்பவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சிலருக்குக் கர்ப்பத்திலேயே ஒன்றிரண்டு சொட்டு கசியும், சிலருக்குக் கசியவே கசியாது. இரண்டும் சகஜம்தான். "எனக்குச் சின்ன மார்பு, பால் பத்துமா?" என்று கேட்கிற பெண்கள் நிறைய. மார்பின் பருமன் பெரும்பாலும் கொழுப்பால் வருவது. அதை வைத்துப் பாலை அளக்க முடியாது.

காம்பு தட்டையாகவோ உள்ளே அமுங்கியோ இருந்தால் கவலைப்பட்டு மனதை வாட்டிக்கொள்ளாதீர்கள். குழந்தை குடிப்பது காம்பை அல்ல, காம்பும் அதைச் சுற்றிய வட்டமும் சேர்ந்த பகுதியை. பிரசவத்துக்குப் பிறகு நர்ஸ் உதவியோடு பெரும்பாலும் சரிசெய்துகொள்ளலாம்.

செக்கப்பில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

மாதாமாதம் வயிற்றைக் காட்டுகிறோம், ரத்தம் கொடுக்கிறோம். மார்பைப் பற்றி வாய் திறக்க மட்டும் கூச்சம். ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். முன்பு மார்பில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ, தைராய்டு, சர்க்கரை நோய் இருந்தாலோ, தினமும் ஏதாவது மருந்து சாப்பிட்டாலோ மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ள சிலருக்குக் கடைசி மாதத்தில் சீம்பாலைக் கையால் எடுத்துச் சேமித்து வைக்கச் சொல்வதும் உண்டு. டாக்டர் சொன்னால் மட்டும்தான் அதைச் செய்ய வேண்டும், நாமாகச் செய்யக் கூடாது.

ஆஸ்பத்திரியிலும் மூன்று விஷயம் முன்கூட்டியே கேளுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை என் மார்பில் போடுவீர்களா? சிசேரியன் ஆனாலும் அப்படிச் செய்ய முடியுமா? குழந்தை என் பக்கத்திலேயே இருக்குமா, என்னைக் கேட்காமல் பவுடர் பால் கொடுப்பீர்களா?

இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. இவையெல்லாம் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1989-லேயே பிரசவ ஆஸ்பத்திரிகளுக்குச் சொன்ன பத்து அம்சங்களில் அடங்கியவை. நம் நாட்டிலும் 1992-ல் ஒரு சட்டம் வந்து, 2003-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது, டின் மேல் குழந்தைப் படமோ தாயின் படமோ போடக் கூடாது. டின்னைப் பார்த்துத் தாய் மயங்கிவிடக் கூடாது என்று அரசாங்கமே நினைத்திருக்கிறது. நாம் அதை முன்கூட்டியே வாங்கிப் பையில் வைக்கலாமா?

முதல் மூன்று நாள்

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கர்ப்பத்திலேயே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாளில் பால் பொங்கி வழியாது, சீம்பால்தான் வரும். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக. நோயை எதிர்க்கிற சக்தி அதில் நிறைந்திருக்கிறது. நான் வாஷ்பேசினில் கொட்டினேனே, அதுதான்! குழந்தைக்கும் முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவே போதும். அதன் வயிறு ரொம்பச் சின்னது. இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் மார்பு நிறைந்து பால் இறங்கும். தலைச்சன் பிரசவத்திலும் சிசேரியனிலும் சற்றுப் பிந்தலாம்.

அதுவரை செய்ய வேண்டியது, குழந்தை கேட்கும்போதெல்லாம் மார்பில் வைப்பதுதான். இரவும் பகலுமாக இருபத்து நாலு மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. குழந்தை சப்பினால்தான் பாலைச் சுரக்க வைக்கும் சுரப்பிக்குச் சேதி போகிறது. இறைக்கிற கிணறுதானே ஊறும்? 'பால் ஊறட்டும், அப்புறம் கொடுக்கலாம்' என்று பாட்டிலைக் கையில் எடுத்தால், இறைக்காத கிணறாகிவிடும்.

"வயிறு நிறைஞ்சுதான்னு எப்படித் தெரியும்?" என்று அக்கா மகள் கேட்டாள். அழுகையை வைத்து அல்ல, ஈரத் துணியை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒரு தடவை சிறுநீர் போனால் போதும், இரண்டாம் நாள் இரண்டு தடவை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு தடவையாவது போக வேண்டும். முதல் சில நாளில் குழந்தை கொஞ்சம் எடை குறைவது இயற்கை. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறது, சப்பவே மாட்டேன் என்கிறது, சிறுநீர் போகவில்லை, மஞ்சள் நிறம் கூடிக்கொண்டே போகிறது, ஜுரமடிக்கிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மேற்கொண்டு பால் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். முதலில் உங்கள் பாலையே பீய்ச்சிக் கொடுக்க முடியுமா, தாய்ப்பால் வங்கிப் பால் கிடைக்குமா என்று கேளுங்கள். எதைக் கொடுத்தாலும் பாட்டில் வேண்டாம். நம் வீட்டுப் பாலாடை இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் சுத்தம்.

தலையணைக் குழந்தை

நர்ஸம்மா அன்றைக்கு ஒரு துண்டைச் சுருட்டிக் குழந்தையாக என் கையில் கொடுத்தார். அக்கா மகளுக்கு நான் ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்தேன். வெட்கப்பட்டாள். ஆனாலும் ஒத்திகை பார்த்தாள்.

முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். நாம் குழந்தையிடம் குனியக் கூடாது, குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டு வர வேண்டும். அதன் வயிறு நம் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையும் உடம்பும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். காம்பால் மேலுதட்டைத் தடவினால் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும். அந்த நேரம் பார்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, வட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போயிருந்தால் சரியான பிடி. ஆரம்பத்தில் லேசாக இழுக்கும், அது போய்விடும். வலி நீடித்தால் பிடி தப்பு. சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் விட்டு மெல்ல விடுவித்து மறுபடி வைக்க வேண்டும். காம்பு வெடிப்பதற்குப் பெரும்பாலும் தப்பான பிடிதான் காரணம். தோல் மெத்தென்று இருப்பது காரணமல்ல.

சிசேரியன் ஆனவர்கள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டோ, குழந்தையைக் கக்கத்துப் பக்கமாக இடுக்கிக்கொண்டோ கொடுக்கலாம். தையலில் பாரம் விழாது.

சேனை யார் வைப்பது?

இத்தனையும் கேட்டுக்கொண்டவள், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சித்தி, எங்க அத்தை அவங்க அண்ணன் கையால சேனை வைக்கணும்னு சொல்லிட்டிருக்காங்க. நான் எப்படி வேண்டாம்னு சொல்வேன்?" என்றாள்.

மார்பைவிடத் தயார் செய்ய வேண்டியது வீட்டைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெற்றுப் படுத்திருப்பவளுக்கு வாதாடத் தெம்பு ஏது? ஏழாம் மாதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

நானே சம்பந்தியம்மாவிடம் போனேன். "என் மூணு பிள்ளைக்கும் சேனை வெச்சுத்தான் வளர்த்தேன். என்ன கெட்டுப் போச்சு?" என்றார். நியாயமான கேள்விதான்.

"ஒண்ணும் கெடலைங்க, நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க. எல்லாக் குழந்தைக்கும் அப்படி நல்லபடியாவே போறதில்லையே! சர்க்கரைத் தண்ணியில வயிறு நிறைஞ்சா குழந்தை சப்பறது குறையும். தண்ணி மூலமா வயித்துப்போக்கு வரலாம். தேனுன்னா ஒரு வயசு வரைக்கும் நாக்குல தொட்டுக்கூட வைக்கக் கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, அதுல ஒரு விஷக் கிருமி இருக்கலாமாம்" என்றேன். அவர் முகம் இறுகியே இருந்தது. அப்போதுதான் என் மூத்தவன் கதையைச் சொன்னேன். கிண்ணத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கண்ணன் குணம் வரணும்னுதான் ஆசைப்பட்டேன்" என்றார்.

"ஆறு மாசம் முடிஞ்சு முதல் சோறு ஊட்டறப்போ அவர் கையாலயே ஊட்டட்டுமே! குணம் அப்போ மட்டும் வராதா?" என்றேன். சிரித்துவிட்டார்.

ஆசை யாருடையதாக இருந்தாலும் அது குழந்தை மேல் வைத்த ஆசைதான். தட்டிவிடாமல் தள்ளி வைக்கலாம். கழுதைப்பால், உரைமருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் சொட்டும் தவிர, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். வெயில் காலமானாலும் குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை, அதுவும் பாலிலேயே இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு சோறு, பருப்பு, காய் என்று கொடுத்துக்கொண்டே இரண்டு வயதும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாம்.

கணவன்மார்களையும் விட்டுவிடாதீர்கள். ராத்திரி துணி மாற்றுவது, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது, தாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது யார் பொறுப்பு என்று இப்போதே பேசி வையுங்கள்.

சாப்பாடும் உடுப்பும்

கர்ப்பத்தில் கொடுக்கிற இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை விடாமல் சாப்பிடுங்கள். பால் கொடுக்கும்போது தாய்க்குத் தினமும் சுமார் 600 கலோரி அதிகம் தேவை. முருங்கைக்கீரை, பூண்டு, பருப்பு, முட்டை எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பூண்டு சாப்பிட்டுவிட்டுக் குழந்தையை மார்பில் வைக்காமல் இருந்தால் பால் ஊறாது. பத்தியம் என்று காயையும் தண்ணீரையும் குறைப்பது தப்பு. தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள்.

கடைசி மாதத்தில் முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, இறுக்காத பருத்தி பாடி இரண்டு, கசிவுக்கு மடித்து வைக்கப் பழைய வேட்டித் துணி. இவ்வளவுதான் செலவு. லிஸ்டிலிருந்து பாட்டிலும் டின்னும் போய், ஒரு பாலாடை சேர்ந்தது.

அந்த மூன்றாம் ராத்திரி

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. ஒத்திகையெல்லாம் பார்த்தும் சிசேரியன்தான். ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. "சித்தி, சப்பிச் சப்பி விட்டுட்டு அழறா. எனக்குப் பால் இல்லை போல. ஒரே ஒரு தடவை பவுடர் கொடுத்துடவா?" என்று அழுகிறாள்.

"துணி எத்தனை நனைஞ்சது?"

"சாயங்காலத்திலேருந்து ரெண்டு... இல்ல, மூணு."

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சம்பந்தியம்மா குரல் கேட்டது. "பவுடரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீ ஒருக்களிச்சுப் படு, நான் குழந்தையைப் பிடிச்சுக்கறேன். இந்தப் பக்கம் வை." போன் அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் பால் இறங்கிவிட்டதாம். அதைச் சொல்லும்போதும் அழுதாள், அது வேறு அழுகை.

என்ன செய்தும் பால் போதாமல் போகிற தாய்மாரும் உண்டு. உடம்பு நிலையால், மருந்தால் கொடுக்க முடியாதவர்களும் உண்டு. அவர்கள் குற்றவாளிகள் அல்ல. பாட்டிலில் வளர்ந்த என் மூத்தவனும் ஆறடி உயரம் நிற்கிறான். என் வருத்தம் அவன் வளர்ச்சியைப் பற்றியது அல்ல. தெரியாததனால் இழந்தேனே என்பதுதான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏழு மாதக்காரி யாராவது இருந்தால், வளையல் அடுக்கிவிட்டுப் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு அந்த நர்ஸம்மா செய்தது அவ்வளவுதான்.

அடுத்த இதழில், பால் கட்டிக்கொண்டால் வீட்டில் என்ன செய்வது, எப்போது டாக்டரிடம் ஓடுவது என்று பார்ப்போம்.